நாகையா, காரைக்காலா? ஒரே கரையில் இரண்டு நகராட்சிகள்

தெற்கே நாகப்பட்டினம், வடக்கே காரைக்கால். இடையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இரண்டும் காவிரியின் கடைமடை, இரண்டும் மீனையும் நெல்லையும் நம்பிய ஊர்கள். ஆனால் நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்ததும் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிடுகிறது. சோதனைச் சாவடியும் அதை ஒட்டிய மதுக்கடைகளும்தான் எல்லைக்கல். இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சரக்கு விலையையும் பெட்ரோல் விலையையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அலசுவதற்கு அதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

நிலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காரைக்காலுக்கு அரசலாறு, நாகைக்குக் கடுவையாறு, நாகூருக்கு வெட்டாறு. எல்லாம் மேலே தண்ணீர் மிஞ்சினால் வரும், மிஞ்சாவிட்டால் உப்பேறும். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு மாநில எல்லை தெரியாது. 2004 சுனாமியின் அடி மட்டும் சமமாக விழவில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காரைக்காலில் இறந்தோர் எண்ணிக்கை ஐந்நூறை ஒட்டியது. நாகையின் மீனவர் பகுதிகளான கீச்சாங்குப்பத்திலும் நம்பியார் நகரிலும் அந்த டிசம்பரை வைத்துத்தான் இன்னும் ஆண்டுக்கணக்குப் பேசுகிறார்கள்.

வரலாறு என்று வந்தால் காரைக்கால்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நாகைக்கு ஈடில்லை. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்ப, அதற்கு ஆனைமங்கலத்தின் வருவாயை எழுதிக்கொடுத்தார் ராஜராஜ சோழர். அந்தச் செப்பேடு போய்ச் சேர்ந்தது நெதர்லாந்தின் லெய்டனுக்கு. ஊரில் எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இயேசு சபையார் அனுமதி வாங்கி இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேல். அவற்றில் பலவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். தன் பழம்பெருமையை இவ்வளவு முழுமையாக வெளியூருக்கு அனுப்பிவிட்ட ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை. போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிறகு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ராஜுலா கப்பல் ஏறியவர்களின் காலம். ரயில்வே பணிமனைகூட ஒரு காலத்தில் இங்கே இருந்தது. 1928இல் பொன்மலைக்குப் போய்விட்டது.

காரைக்காலின் கதை சிறியது, ஆனால் தனி ருசி கொண்டது. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. நடுவில் பலமுறை ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பியது. 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இன்றும் ஊரில் உண்டு. அதைவிடப் பழைய சொத்து காரைக்கால் அம்மையார். ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். தலையில் விழுந்தாலும் பிரசாதம்தான்.

மக்கள்தொகை: 2011 கணக்கெடுப்பில் நாகை நகராட்சி 1,02,905 பேர், காரைக்கால் நகராட்சி 86,838 பேர். நாகையின் கணக்கில் நாகூரும் சேர்த்தி.

துறைமுகத்தில் தராசு தலைகீழாகிவிட்டது. ஆயிரம் ஆண்டு பழைய நாகைத் துறைமுகத்தில் இன்று விசைப்படகுகளின் கூட்டமே பிரதானம். 2023 அக்டோபரில் தொடங்கிய, இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் கிளம்பியது. வாஞ்சூர்க் கரையில் 2009இல் இயங்கத் தொடங்கிய தனியார் துறைமுகமோ கப்பல் கப்பலாக நிலக்கரி இறக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை: துறைமுகம் காரைக்காலின் பெயரில், ஆனால் நிலக்கரித் தூசி வீட்டுக்குள் வருகிறது என்று பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறவர்களில் நாகூர்வாசிகளும் உண்டு. அடுத்த ஆட்சிப் பகுதியிலிருந்து வரும் தூசிக்கு நகராட்சி உறுப்பினர் என்ன செய்துவிட முடியும்?

கல்வி, மருத்துவத்தில் சிறிய ஊருக்கே யோகம். காரைக்காலுக்கு 1987இலேயே வேளாண் கல்லூரி, 2010இல் என்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, 2016இல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை. நாகைக்கு மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல். அரசு மருத்துவக் கல்லூரி 2022 வரை காத்திருந்தது.

இதற்குக் காரணம் உள்ளூர் ஆட்சியின் அமைப்பில் இருக்கிறது. காரைக்கால் மாவட்டம் முழுவதும் சேர்ந்தே இரண்டு லட்சம் பேர்தான். அவர்களுக்கு ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் (கிராமப் பகுதிகளுக்கான உள்ளாட்சிகள்), புதுச்சேரிச் சட்டமன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். நாற்பதாயிரம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. நாகையில் நகரமும் சுற்று வட்டாரமும் சேர்ந்து ஒரே ஒருவர். ஆனால் நகராட்சித் தேர்தலைப் பாருங்கள்: புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நிர்வாகம். 1880இலேயே பிரெஞ்சு ஆணைப்படி கொம்யூன்களும் மேயரும் கண்ட பகுதி இது! தமிழ்நாடும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. 2016இல் நடக்க வேண்டிய நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரிக்குத்தான் வந்தது. இருந்தாலும் 1866இல் தொடங்கிய நாகை நகராட்சியில் இன்று வார்டுக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

சாக்கடை அடைத்துக்கொண்டால் நாகைக்காரர் கவுன்சிலர் வீட்டுக்குப் போகிறார், காரைக்கால்காரர் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார். வேலை சீக்கிரம் நடப்பது காரைக்காலில்தான் என்பேன். ஆனால் அது எம்.எல்.ஏ.வின் தயவில் நடக்கிறது. ஆள் மாறினால் தயவும் மாறும். வார்டு வாக்காளராக இருப்பதானால் என் ஓட்டு நாகைக்கு. இரவு பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை வேண்டுமென்றால், காரைக்காலுக்கு.