ஐந்து பெட்டி, இரண்டு சேனல்: பிளேஸ்டேஷனுக்கு மலிவு விலையில் சரவுண்ட், மூன்று ஆண்டு அனுபவம்

வேளச்சேரியில் தரைத்தளத்து வாடகை வீடு. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டிவி 43 அங்குலம், 4கே, 60 ஹெர்ட்ஸ். 2022 தொடக்கத்தில் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் வாங்கினேன். அதற்கு முந்தைய தீபாவளிக்கு ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து பெட்டி, கனத்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர்) ஏற்கெனவே வீட்டில் இருந்தது. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அந்த செட்டில் செருகினேன். ஐந்து பெட்டிகளும் பாடின. சரவுண்ட், அதாவது சுற்றிலும் வெவ்வேறு திசையிலிருந்து கேட்கும் ஒலி, வந்துவிட்டது என்றே நம்பினேன்.

அது சரவுண்ட் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவன் அக்கா மகன். கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்திருந்தான், பதினொரு வயது. துப்பாக்கி விளையாட்டு ஒன்றில், முதுகுக்குப் பின்னால் எதிரி நடந்து வரும் காலடிச் சத்தம் கேட்கிறது. இவனோ எதிரே இருக்கும் கதவைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறான். மூன்று முறை அதே இடத்தில் அடிபட்டதும் எழுந்து போய்ப் பின்பக்கப் பெட்டியில் காதை வைத்தான். பிறகு முன்பக்கப் பெட்டியில் வைத்தான். "மாமா, இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன" என்றான்.

நானும் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஹெட்போன் துளையிலிருந்து வருவது இடம், வலம் என்று இரண்டே சேனல், அதாவது இரண்டே தனி ஒலித் தடம். செட்டில் இருக்கும் 'சரவுண்ட்' பொத்தான் அந்த இரண்டையும் பின்பக்கப் பெட்டிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். பெட்டி ஐந்து, சேனல் இரண்டு. நம் ஊரில் 5.1 வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை என்பதை அதன் பிறகு நண்பர்கள் வீடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஸ்பீக்கருக்குக் கூடுதலாகச் செலவழிப்பதற்கு முன், ஐந்து பெட்டிக்கும் சப்வூஃபருக்குமான ஆறு சேனலும் கன்சோலிலிருந்து ஸ்பீக்கர் வரை உடையாமல் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

என் செட்டின் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் (சேனலுக்கு ஒன்றாக ஒயர் செருகும் வட்டத் துளைகள்) இருந்தன. ஆறு சேனலையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் கருவி ஒன்று இருந்தால் போதும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 'டிகோடர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர்கள் பல ஆண்டுகளாக வாங்கிவரும் பொருள்தான். ஒரு பக்கம் ஆப்டிகல் கேபிள் (ஒலியை ஒளியாகக் கடத்தும் கேபிள்) உள்ளே போகிறது, மறுபக்கம் ஆறு ஆர்சிஏ வெளியே வருகிறது. 2,200 ரூபாய். முகப்பில் மூன்று சிறிய விளக்குகள்: பிசிஎம், ஏசி-3, டிடிஎஸ். பிசிஎம் என்பது அமுக்கப்படாத ஒலி. ஏசி-3 என்பது பல சேனல் ஒலியை அமுக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டலின் தொழில்நுட்பப் பெயர். டிடிஎஸ் அதே வேலையைச் செய்யும் இன்னொரு முறை.

டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து கேபிளை இழுத்து மாட்டினேன். பிசிஎம் விளக்கு எரிந்தது. கன்சோலின் அமைப்புகளில் எதை மாற்றினாலும் அதே விளக்குதான். ஒரு வாரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இது. ஆப்டிகல் கேபிளில் அமுக்கப்படாத பிசிஎம் ஒலி இரண்டு சேனல் வரைதான் போகும். ஆறு சேனல் போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ அமுக்கி அனுப்ப வேண்டும். பிளேஸ்டேஷன் 5 அப்படி அமுக்கி அனுப்பக்கூடியதுதான். ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியவுடன் டிவி தன்னால் எதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியும் என்ற பட்டியலைக் கன்சோலிடம் நீட்டுகிறது. இடிஐடி என்பது அந்தப் பட்டியலின் பெயர். என் டிவியின் பட்டியலில் 'இரண்டு சேனல்' என்று மட்டும் இருந்தது. கன்சோலும் கேட்டதைக் கொடுத்தது.

பட்டியலை மாற்றிச் சொல்ல நடுவில் ஒருவர் தேவை. அதுதான் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். தீப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும், 1,600 ரூபாய். கன்சோலிலிருந்து வரும் கேபிள் அதற்குள் போகிறது. படம் டிவிக்கும், ஒலி ஆப்டிகல் வழியாக டிகோடருக்கும் பிரிந்து போகின்றன. அதன் பக்கவாட்டில் நகம் படும் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச்: பாஸ், 2, 5.1 என்று மூன்று நிலை. மூன்றாவது நிலைக்குத் தள்ளினேன். கன்சோலில் எச்டிஎம்ஐ சாதன வகையை ஏவி ஆம்ப்ளிஃபயர் என்றும், சேனல் எண்ணிக்கையை 5.1 என்றும், ஒலி வடிவத்தை டால்பி என்றும் வைத்தேன். ஏசி-3 விளக்கு எரிந்தது. அந்தப் பச்சை விளக்கைப் பார்த்த மகிழ்ச்சி ஏழாயிரம் ரூபாய் செட்டைப் பெட்டியிலிருந்து பிரித்த அன்றுகூட எனக்கு இருக்கவில்லை.

கேபிள்கள், ஒயர் எல்லாம் சேர்த்து மேலும் 900 ரூபாய். ஆக மொத்தம் 11,700.

இந்த வழி எல்லா கன்சோலுக்கும் பொருந்தாது. முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4, பிறகு வந்த புரோ ஆகிய இரண்டிலும் ஆப்டிகல் துளை இருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ட்ராக்டரே வேண்டாம். ஸ்லிம் மாடலில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் ஆப்டிகல் இல்லை, ஆனால் டால்பி டிஜிட்டல் தேர்வு இருப்பதால் என் வழி நடக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆறு சேனலையும் பிசிஎம்மாக மட்டுமே தருகிறது. ஆப்டிகல் டிகோடர் வாங்கினால் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சேனல்தான் மிஞ்சும். எச்டிஎம்ஐ வழியே பிசிஎம் 5.1 வாங்கும் ஏவி ரிசீவரோ, இஆர்க் (அமுக்காத ஒலியையும் எச்டிஎம்ஐ வழியே டிவியிலிருந்து வெளியே அனுப்பும் வசதி) உள்ள டிவியும் அதற்கேற்ற சவுண்ட்பாரோதான் வழி.

பெட்டிகளை வைத்த இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் செலவழிக்காமல் கிடைக்கும் பலன் அதில்தான் அதிகம். முன்பக்கப் பெட்டிகள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாம் உட்கார வேண்டும். எங்களுக்கு அது ஏழு அடி. பின்பக்கப் பெட்டிகள் நமக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. காதுக்குப் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால், நேர் எதிரிலிருந்து அளந்தால் 100 முதல் 120 பாகைக்குள் இருக்க வேண்டும். எங்கள் சோபா சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன். "நடக்க வழி வேண்டாமா?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி, டீப்பாயை அடுத்த அறைக்கு அனுப்பி வழி ஏற்படுத்தினோம்.

சுவரில் ஆணி அடிக்க வீட்டு உரிமையாளர் அனுமதி இல்லை. காலி பெயின்ட் டப்பா இரண்டில் சிமென்ட் கலவையைக் கொட்டி, நடுவில் ஒரு அங்குல பிவிசி குழாயை நட்டு, நான்கு அடி உயரத்தில் பலகை பொருத்தினேன். உட்கார்ந்தால் காதுக்குச் சற்று மேலே வருகிறது. மூன்று ஆண்டுகளாக அசையவில்லை.

நடுப்பெட்டியின் அருமையை எனக்குக் காட்டியவர் அப்பா. எழுபத்து மூன்று வயது, ஒரு காது மந்தம். கன்சோலிலேயே 5.1 ஒலியில் படம் ஓட்டும்போது வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டிக்குத்தான் வருகிறது. அதன் அளவை மட்டும் இரண்டு புள்ளி ஏற்றி வைத்தேன். பின்னணி இசை அப்படியே இருக்க, குரல் மட்டும் முன்னால் வந்தது. "இன்றைக்குத்தான் பேசுகிறவர்கள் பேசுவது கேட்கிறது" என்றார். இப்போது நான் விளையாடாத நேரங்களில் அந்தச் சோபா அவருடையது.

குறைகளும் உண்டு. முதலாவது, ஒலி சற்றுத் தாமதமாக வருவது. டால்பி டிஜிட்டல் ஒலியை 1,536 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்) கட்டி அனுப்புகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் கணக்கில் ஒரு சட்டம் நிறையவே 32 மில்லி விநாடி ஆகும். பதினொரு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை வந்தடையும் நேரம் அது. டிகோடர் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. கார்ப் பந்தயத்திலோ கதை சார்ந்த விளையாட்டிலோ எனக்கு இது தெரியவே இல்லை. தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தும் விளையாட்டில் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மட்டும் ஒலி வடிவத்தை மறுபடியும் பிசிஎம்முக்கு மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது, வெயில். டிவிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்ட்ராக்டர் முதல் மே மாதத்தில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அரை மணிக்கு ஒரு முறை திரை கறுத்து மீண்டது. டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுப்பதை நிறுத்தி, தனி 5 வோல்ட் அடாப்டரில் மாட்டி, காற்றுப் படும்படி மேசைமேல் வைத்தேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சப்வூஃபர் முதலில் மூலையில் இருந்தது. மூலையில் வைத்தால் கனத்த ஒலி வீங்கி, எல்லா வெடிச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும். மாடியில் இருக்கும் உரிமையாளர் அம்மாவுக்கோ கட்டில் அதிர்ந்தது. அவர் ஒரு நாள் இறங்கி வந்து, "தம்பி, பாத்திரமெல்லாம் பேசுகிறது" என்றார். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்தேன். இரவு ஒன்பதரைக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். இன்றுவரை மீறியதில்லை. அதற்குப் பிறகு தனியாக விளையாடினால் ஹெட்போன்தான். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பிளேஸ்டேஷன் 5 ஹெட்போனுக்கென்று கொடுக்கும் முப்பரிமாண ஒலி சாதாரண ஹெட்போனிலும் மிக நன்றாக இருக்கிறது. எப்போதும் ஒருவரே விளையாடும் வீடானால் 11,700 ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் ஹாலில் எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கன்சோலையும் சப்வூஃபரையும் பரண்மேல் ஏற்றினோம். ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபருக்குள்ளேதான் இருக்கிறது, அது நனைந்தால் மொத்தமும் போயிற்று. பின்பக்கப் பெட்டிகள் சிமென்ட் டப்பாக்களின்மேல் தண்ணீருக்கு மேலே நின்றன. தரையோடு ஓடிய ஒயர்கள் முழுக்க நனைந்தன. மின்சாரம் வந்து, வீட்டைக் கழுவிக் காயவைத்து, எல்லாவற்றையும் மாட்டியபோது இடது பின்பெட்டி கரகரத்தது. ஒயரின் முனையைப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கியதும் சரியானது. இப்போது ஒயர்களைச் சுவரோரம் இடுப்பு உயரத்தில், ஒட்டும் கிளிப் வைத்து ஓட்டியிருக்கிறேன். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆர்சிஏ முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது தேவைப்படுகிறது.

அடுத்து 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் என் எக்ஸ்ட்ராக்டர் நடுவில் நிற்க முடியாது. அதன் கொள்ளளவு விநாடிக்கு 18 ஜிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸோடு சரி. இப்போதிருக்கும் டிவிக்கு அது எந்தக் குறையும் வைக்கவில்லை, அதனால் மாற்றும் எண்ணமும் இல்லை.

ரிச்சி தெருவுக்கு வாரநாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டிகோடரை வாங்குவதற்கு முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பென்டிரைவில் பாட்டுப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது வெறும் ஸ்டீரியோவாகவே இருக்கும். ஆப்டிகல் கேபிளை மாட்டி, டால்பி ஒலியை அனுப்பச் சொல்லி, ஏசி-3 விளக்கு எரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.