நேட்டாலில் முன்னோரைத் தேட கப்பல் பதிவேடா, ரயில்வே சங்கத் தொகுப்பா?

எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நேட்டாலின் அரசு ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே ரயில்வே ஆர்வலர் சங்கங்களின் தொகுப்பிலிருந்து தேடலைத் தொடங்குவதா, இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கூலி வேலைக்கு வந்தவர்களின் கப்பல் பதிவேட்டிலிருந்தா என்ற கேள்வி எழுந்தது. நான் பதிவேட்டைத் தேர்ந்தெடுத்தேன்; பிறர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சங்கத் தொகுப்புகளில் புகைப்படங்கள், கால அட்டவணைகள், பழைய சஞ்சிகைகள் உண்டு. ஆனால் அவை எஞ்சினையும் நிலையத்தையும் தலைப்பாகக் கொண்டு அடுக்கப்பட்டவை. பெயர்கள் வரும் இடத்திலும் பெரும்பாலும் வெள்ளையரான ஓட்டுநர்களும் நிலைய அதிகாரிகளும்தான். நம்மவர்கள் படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பார்கள்.

சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடல் அடையாளம் ஆகியவை பதிவேட்டில் உள்ளன. யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் இருப்பதால், ரயில்வேக்குப் போனவரா, கரும்புத் தோட்டத்துக்குப் போனவரா என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட எண்ணைத்தான். வட ஆற்காட்டிலிருந்து வந்த முனுசாமிகள் எத்தனையோ பேர். எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே ஆளின் பெயரே தாளுக்குத் தாள் மாறும், எண் மாறாது. பின்னாளில் இந்தியக் குடியேறிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரியான 'பாதுகாவலரின்' அலுவலகத்தில் பதிந்த திருமணங்களிலும் அந்த எண்ணைக் காணலாம் என்பதால், வீட்டுப் பெட்டியில் பழைய சான்றிதழ் ஒன்று இருந்தாலே அதைப் பிடித்துக்கொண்டு சொந்த ஊர்வரை போய்விடலாம். பயணச்சீட்டுக்குத் தாமே பணம் கட்டி வந்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது.

ஊர் தெரிந்த பிறகு சங்கத் தொகுப்பைத் திறப்பது பயன் தரும். இருப்புப்பாதை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை 1880இலும் லேடிஸ்மித்தை 1886இலும் சார்ல்ஸ்டவுனை 1891இலும் எட்டியது. பிள்ளைகள் பிறந்த இடங்களை இந்த வரிசையோடு ஒப்பிட்டால், குடும்பம் ஏன் உள்நாட்டை நோக்கி நகர்ந்தது என்பது ஓரளவு விளங்கும். நான் பார்த்த தொகுப்புகள் நேட்டால் பாதைகளைப் பற்றியவை மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான கேப் பக்கத்துக் குடும்பங்களுக்கு என் கணிப்பு பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன்.