ஏஎஸ்சிபி டிசம்பர் மாநாடா, கார்டன் கூட்டமா?

செல் உயிரியலில் முனைவர் பட்டம் செய்பவர் கையில் ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இந்த இரண்டு அறிவியல் கூட்டங்களில் எதற்குப் போவது?

1960இல் தொடங்கிய அமெரிக்க செல் உயிரியல் சங்கம் (ஏஎஸ்சிபி) டிசம்பரில் பெரிய மாநாடு நடத்தும், 2023இல் பாஸ்டன், 2024இல் சான் டியேகோ. ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். மைக்ரோஸ்கோப் கம்பெனி அரங்குகள், வேலைவாய்ப்பு அமர்வுகள், வரிசை வரிசையாக ஆய்வுப் போஸ்டர்கள் என்று எல்லாம் உண்டு. துறை எங்கே போகிறது என்று ஒரே வாரத்தில் புரியும், ஆனால் பெரிய ஆளைப் பிடித்துப் பத்து நிமிஷம் பேசுவது கஷ்டம்.

1931இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த கார்டன் கூட்டங்கள் (Gordon Research Conferences) வேறு ரகம். ஒரே தலைப்பு, அதிகபட்சம் இருநூறு பேர் அளவில்தான், விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். மதியம் பெரும்பாலும் ஓய்வு, இரவில் மறுபடி உரைகள், மூன்று வேளையும் எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பாடு. ஸ்லைடைப் படம் எடுக்கக் கூடாது, அங்கே கேட்டதை வெளியே மேற்கோள் காட்டவும் கூடாது. அதனால்தான் வெளியாகாத முடிவுகளைத் துணிந்து காட்டுகிறார்கள். கட்டணம் பார்த்தால் பகீரென்று இருக்கும், ஆனால் தங்குமிடமும் சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

முதல் வருஷம் என்றால் டிசம்பர் மாநாடு. கையில் தரவு சேர்ந்து, போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் தேடும் நேரம் என்றால் யோசிக்காமல் கார்டன்தான், அதுவும் கூட்டத்துக்கு முந்தைய வாரக்கடைசியில் மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் என்றே தனிக் கருத்தரங்கு இருக்கும் தலைப்பாகப் பாருங்கள்.