நான்கு தலை சோடா நிரப்பி: நல்ல இயந்திரம், கை எட்டாத இடத்தில் ஊசி

ஆத்தூரில் சிறிய குளிர்பான ஆலை தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், நாங்கள் பயன்படுத்தும் அதே நான்கு தலை நிரப்பி இப்போது விலை குறைந்திருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் மனம் ஆறவில்லை. அடிப்படை விவரங்கள் விலைப்பட்டியலிலேயே இருக்கின்றன: கவுண்டர் பிரஷர் முறை (பாட்டிலுக்குள் முதலில் வாயு அழுத்தம் ஏற்றி, பிறகு நிரப்புவது), நான்கு நிரப்பும் தலைகள், பக்கத்திலேயே காற்றழுத்தத்தில் இயங்கி, கிரவுன் மூடியை (விளிம்பில் பற்களுள்ள தகர மூடி) அடிக்கும் மூடித் தலை, 304 தர எவர்சில்வர் தொட்டி. சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய எங்கள் கூடத்தில் இது கண்ணாடிப் பாட்டில்களில் பன்னீர் சோடாவும் இஞ்சி எலுமிச்சை சோடாவும் நிரப்புகிறது. சில கோடைகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. அதன் பெரும்பாலான பாகங்கள் மீது எனக்குக் குறையில்லை. ஒரே ஒரு பாகத்தைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேச எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தப் பாகம் ஸ்னிஃப்ட் ஊசி. இவ்வகை நிரப்பியில் பாட்டில் மேலேறி, அதன் வாயைக் கசியாமல் அடைக்கும் மணி ரப்பரில் அமர்ந்ததும் முதலில் கார்பன் டை ஆக்சைடு உள்ளே செல்கிறது. தொட்டியின் அழுத்தமும் பாட்டிலின் அழுத்தமும் சமமான பிறகுதான் திரவ வழி திறக்கும். அதன்பின் சோடா தன் எடையால் மட்டுமே, பாட்டிலின் உட்சுவரையொட்டி அலுங்காமல் இறங்க, அது இடம்பெயர்க்கும் வாயு நடுக்குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். திரவம் நடுக்குழாயின் துளையை எட்டியதும் வாயுவுக்கு வழியடைபட்டு, நிரம்புவது தானாகவே நின்றுவிடும். மோட்டாரோ சென்சாரோ இல்லாமல் நடக்கும் இந்த வேலை எனக்கு இன்றைக்கும் வியப்புதான். ஆனால் திரவ வழி மூடிய பிறகும் பாட்டிலின் கழுத்தில் தொட்டியளவு அழுத்தம் நிற்கிறது. அதைச் சிறு துளை வழியாக, விரைவாகவும் அதே சமயம் ஒரேயடியாக அல்லாமலும், வெளியேற்றுவதுதான் ஸ்னிஃப்ட் ஊசியின் பணி. துளை அடைத்துக்கொண்டால் பாட்டில் அழுத்தத்தோடு இறங்கிச் சோடா பீறிடும். ஊசி தேய்ந்து துளை அகன்றுவிட்டால், வாயு சட்டென்று வெளியேறி, கரைந்திருந்ததையும் நுரையாகக் கிளப்பிவிடும். இரண்டிலும் பாட்டில் அளவு குறைந்துதான் மூடித் தலைக்குப் போகும்.

ஆக, நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டிய பாகம் இது ஒன்றே. இதை வடிவமைத்தவர் அந்த நான்கு ஊசிகளையும் தலைகளின் பின்புறத்தில், தொட்டிக்கும் பின் தகட்டுக்கும் இடையில், விரல் நுழையாத இடைவெளியில் வைத்திருக்கிறார். ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் முன்பக்க அக்ரிலிக் தடுப்பை எடுக்க வேண்டும், திரவக் குழாயைத் தளர்த்த வேண்டும், பின் தகட்டின் திருகுகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். அதன் பிறகும் ஆலன் சாவி ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திரும்பும். குழாயின் வாஷரை மாற்றச் சுவரை இடிக்கச் சொல்வது போன்றது இது. இயந்திரத்தைச் செய்து விற்ற பட்டறையின் சேவைப் பிரிவைக் கேட்டபோது, “டிசைனே அப்படித்தாங்க சார், பின்னாடி இருந்தாத்தான் முன்னாடி பார்க்க நீட்டா இருக்கும்” என்று மறுமொழி வந்தது. அந்தக் குரலில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார் என்பதுதான் என் கோபத்தை அதிகமாக்கியது.

நியாயமாகச் சொன்னால், ஊசி அடைபடுவதற்கு இயந்திரம் மட்டுமே காரணமன்று. அழுத்தம் வெளியேறும் ஒவ்வொரு முறையும் சிறிது நுரையும் அந்தத் துளை வழியே போகிறது. பன்னீர் சோடாவின் சர்க்கரை அங்கேயே காய்ந்து படிகிறது. சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோடாவுக்கு ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தினாலும், கழுவும் வேலைக்குப் போர் தண்ணீர் ஓடும் இடங்களிலெல்லாம் சுண்ணாம்புப் படிவம் சேர்கிறது. சர்க்கரைக்கு வெந்நீர் போதும். சுண்ணாம்புக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் வேண்டும். எது அடைத்திருக்கிறது என்று தெரியாமல் இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவதுதான் இருப்பவற்றில் மோசமான வைத்தியம். துளை மயிரிழை அகன்றாலும் அந்தத் தலை அதன்பின் எப்போதும் நுரைக்கும். நாங்கள் ஊசியைக் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய நைலான் இழையை மட்டும் விடுகிறோம். இவ்வளவும் எளிய வேலைகளே, ஊசி கைக்கு வந்த பிறகு.

நுரை பொங்கினால் உடனே ஊசியைக் குற்றம் சொல்வதும் சரியன்று. ஒரே தலையில் மட்டும் பொங்கினால் குறை அந்தத் தலையில்: ஊசி, மணி ரப்பர், நடுக்குழாயில் திரவத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடும் குடை ரப்பர் ஆகிய மூன்றில் ஒன்று. எந்தத் தலைக்குக் கீழே வைத்தாலும் குறிப்பிட்ட பாட்டில்களே பொங்கினால், அவை உள்ளே கீறல் விழுந்தவை அல்லது சரியாகக் கழுவப்படாதவை. நான்கு தலைகளும் சேர்ந்து பொங்கினால் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம், வெப்பமானியைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் நான்கு லிட்டர் வாயு கரைந்திருக்க, 4 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவான அழுத்தம் போதும். 30 டிகிரியில் அதற்கு ஐந்து கிலோ வரை வேண்டும். சித்திரை வெயிலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் திணறும் நாட்களில் எந்த ஊசியாலும் ஒன்றும் செய்ய இயலாது. வெயிலில் காய்ந்து சூடேறிய பாட்டிலும் இதே வேலையைத்தான் செய்யும். கடைசி அலசலைக் குளிர்ந்த நீரில் முடித்து, ஈரத்தோடேயே நிரப்பினால் நுரை வெகுவாகக் குறைகிறது. நீரில் கரைந்திருக்கும் சாதாரணக் காற்றும் நுரையைத் தூண்டும் என்பதால், நீரில் வாயுவைக் கரைக்கும் கார்பனேட்டருக்குப் போகும் முன் அதை நீக்குவது நல்லது.

இந்த முறை பீர் ஆலைகளுக்கும் உரியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பீரில் கரைந்திருக்கும் வாயு பொதுவாகப் பீரின் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு. எங்கள் சோடாவில் நான்கு. பீரின் பகை ஆக்சிஜன். ஆகையால் பெரிய ஆலைகளில் நிரப்புவதற்கு முன் பாட்டிலில் உள்ள காற்றை இருமுறை உறிஞ்சியெடுக்கிறார்கள். நிரப்பிய பின், மூடி விழுவதற்குச் சற்று முன், மயிரிழை போன்ற நீர்த்தாரையைச் செலுத்தி வேண்டுமென்றே நுரை கிளப்பி, கழுத்தில் மிஞ்சிய காற்றையும் வெளியே தள்ளிவிடுகிறார்கள். அங்கே நுரை ஒரு கருவி. எங்களுக்கு அது வெறும் நட்டம். வாயு அதிகமுள்ள பானத்துக்கு ஊசியை அடிக்கடி கவனிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், பீருக்கு வரைந்த தலையை இந்தப் பட்டறை அப்படியே பார்த்து எழுதிவிட்டது என்பது என் ஊகம்.

இனி மூடித் தலை. இதைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கிரவுன் மூடிக்கு 1892-இல் காப்புரிமை பெற்றவர் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர். அன்றைக்கு 24 பற்கள், இன்றைக்கு 21. அடித்து முடித்த மூடியின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. முதல் 28.9 மி.மீ. வரைக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் வாயு கசியும். சிறிதானால் பாட்டில் வாய் நொறுங்கும் அபாயம் உண்டு, திறப்பதும் கடினம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்குக்குள் நிற்க வேண்டிய இந்த வேலையை எங்கள் தலை தொடர்ந்து பிசகின்றிச் செய்கிறது. அதற்கு நாங்கள் செய்வதெல்லாம், காற்றுக் குழாயின் வடிகட்டியில் சேரும் நீரைக் காலையில் வடிப்பது, எண்ணெய்க் கிண்ணத்தைக் காயவிடாமல் பார்ப்பது, வேலை தொடங்குமுன் அளவு வளையத்தைப் போட்டுப் பார்ப்பது ஆகியவை மட்டுமே. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்காகக் கூடுதல் நேரம் ஓட்டும்போதும் அது முனகுவதில்லை. இதையும் அந்த ஊசியையும் ஒரே மனிதர்தான் வரைந்தார் என்றால் நம்ப முடியவில்லை.

ரப்பர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணி ரப்பரும் ஓ-ரிங்குகளும் ஈ.பி.டி.எம். வகை, தொட்டி கழுவும் காஸ்டிக் சோடாவையும் வெந்நீரையும் தாங்கும், பெட்ரோலிய கிரீஸைத் தாங்காது, ஊதிவிடும். வண்டிக்குப் போடும் கிரீஸை எடுக்க வரும் கையைத் தடுத்து, உணவுத் தரச் சிலிகான் கிரீஸை மட்டும் பூச வேண்டும். உதிரிக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் ஓ-ரிங்கும் அதே கறுப்பு நிறத்தில்தான் இருக்கும் என்பதால், வகையைக் கேட்டு வாங்குவது அவசியம்.

காஸ்டிக் என்றதும் ஒன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இயந்திரத்தோடு வந்த கையேட்டில் அது இல்லை. தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும்போதே காஸ்டிக் கரைசலை விட்டால், இரண்டும் வினைபுரிந்து வாயு முழுவதும் உப்பாகிக் கரைசலில் போய்விடும். மூடிய தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்ட தொட்டியும் உள்நோக்கி நசுங்கக்கூடும். பெரிய தொட்டிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாயுவை முழுதும் வெளியேற்றி, மேல்வழியைத் திறந்து வைத்து, நீரால் அலசிய பிறகே காஸ்டிக் உள்ளே போக வேண்டும். வெளியேற்றும் வாயு தாழ்வான இடங்களில் தேங்கும் என்பதால் கூடத்தின் கதவுகளும் திறந்திருக்கட்டும். ஊசி சுத்தம் செய்வதற்கு இரண்டு பத்திகள் எழுதிய கையேடு இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதைப் பட்டறையின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

பாட்டில் வெடிப்பதும் இத்தொழிலில் உள்ளதுதான். பழகிய பாட்டில்களில் எது கீறல் விழுந்தது என்று கண்ணுக்கு எப்போதும் தெரிவதில்லை. அக்ரிலிக் தடுப்பு நல்ல தடிமன் என்பதற்காகப் பட்டறைக்கு நன்றி. வெடித்தால் அந்தத் தலையை நன்கு அலசி, பக்கத்துத் தலைகளில் அப்போதிருந்த பாட்டில்களையும் அடுத்த சில சுற்றுப் பாட்டில்களையும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஏற்காட்டுக் கடைகளிலிருந்து ஒரு புகார் வருவதுண்டு: மலைக்கு வரும் சோடா திறந்தவுடன் பொங்குகிறதாம், நிரப்பும்போது வாயுவைக் கூட்டிவிட்டீர்களா என்கிறார்கள். இதில் இயந்திரம் குற்றமற்றது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த உயர வேறுபாட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு கிலோவில் ஏழெட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. மாறாக, மலையின் குளிர்ச்சியால் பாட்டில் பத்து டிகிரி குளிர்ந்தாலே உள்ளழுத்தம் ஒன்றரை கிலோ இறங்கிவிடும். கணக்குப்படி மலையில் பாட்டில் அடங்கித்தான் இருக்க வேண்டும். பொங்கச் செய்பவை இருபது கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலும், இறக்கிய உடனே திறக்கும் அவசரமும். ஒரு மணி நேரம் நிற்கவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறோம். கோடை விழாக் கூட்டத்தில் அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கடைக்காரரும் தருவதில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இயந்திரம் தேர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரிகிறது. அளவு பிசகுவதில்லை, மூடி கசிவதில்லை, எவர்சில்வர் கறுக்கவில்லை, மின்சாரம் அதிகம் இழுப்பதில்லை, உதிரிகள் கோயம்புத்தூரிலிருந்து மறுநாள் வந்துவிடுகின்றன. இருந்தாலும் ஆத்தூர் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. நேற்று மாலையும் மூன்றாவது தலையின் ஊசியை எடுக்கப் பின் தகட்டைக் கழற்றி, விரல் முட்டியில் தோல் உரிந்த நிலையில் இதை எழுதுகிறேன் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். விலைக் குறைப்பு மனத்தை இழுத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு ஊசிகளையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, கையாலேயே திருகும் தலையுடன் பொருத்தித் தருவதாகப் பட்டறையிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தலைக் கட்டையில் புதிதாக நான்கு துளை போட்டு மரை எடுத்தால் முடிகிற வேலை. நம் ஊர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடி வியாபாரம் ஓய்ந்ததும் எங்களுடையதை அவரிடம்தான் கொண்டுபோகப் போகிறேன்.