ஓடை மணலில் ரத்தினத் தடம்: சோதனைக்கூடமா, அரிக்கன்சட்டியா?

மலையில் ரத்தினக்கல் எங்கே என்று ஓடை மணலிடம் கேட்க இரண்டு வழி. வண்டலைச் சலித்து, 0.18 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய தூளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பித் தனிமங்களை அளக்கலாம். அல்லது அம்மா அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பது போல மணலை அலசி, அடியில் தங்கும் கனமான மணிகளைப் பார்க்கலாம்.

மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கனிமமான குருந்தம் தேடினால் அலசத்தான் சொல்வேன். அது வெறும் அலுமினியமும் ஆக்சிஜனும். களிமண்ணிலேயே அலுமினியம் கொட்டிக் கிடக்கும்போது அளவை வைத்து எதைப் பிரிப்பது? சட்டியிலோ அடர்த்தி 2.65 உள்ள குவார்ட்ஸ் மணல் நீரோடு போய்விடும், 4 உள்ள குருந்தம் தங்கும். திருக்குறுங்குடிப் பக்கம் நம்பியாற்றில், பெரிய பாறைக்குப் பின்னால் தேங்கிய மணலை அள்ளுங்கள். சட்டியில் சிவப்பு தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். உவரிக் கடற்கரையைச் சிவக்க வைக்கும் கார்னெட் என்ற கனிமமாகத்தான் அநேகமாக இருக்கும்.

அக்வாமரீன் என்றால் கதை வேறு. இந்த வெளிர்நீல ரத்தினம் பெரில் என்ற பெரிலியக் கனிமத்தின் வகை, அடர்த்தி சுமார் 2.7. குவார்ட்ஸோடு சேர்ந்து ஓடிவிடும். அப்போது சோதனைக்கூடம்தான் கதி: பெரிலியம் எந்த ஓடையில் கூடுகிறது என்று பார்க்கலாம். ஒன்று மட்டும், பெரில் சாதாரண அமிலத்தில் எளிதில் கரையாது; தூளை உருக்கிக் கரைக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.