கூரையில் ஒரு சிமெந்து ஆலை

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, குளிருக்கு வீட்டைச் சூடாக்க, புது வீட்டு நிலத்துக்குக் கீழே சோலரில் சூடாக்கிய சுடுதண்ணியைக் குழாயில் ஓடவிடப் போகிறாராம். "உன்ர வீட்டில தண்ணி சுடவைக்கிற சோலர் பூட்டி ஆறு வருசமாச்செல்லோ, எப்பிடி? நம்பிப் போடலாமோ?" என்று போன கிழமை கேட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டார். இரண்டு நாள் முன்புதான், திருத்த வந்த பெடியன், வெயில் இல்லாத நாளுக்கென்று தாங்கிக்குள் இருந்த கறண்ட் ஹீற்றர் கொயிலைக் கழற்றி என் கையில் தந்திருந்தான். கொயில் தெரியவில்லை. பெருவிரல் மொத்தத்துக்கு வெள்ளைக் கல்தான் தெரிந்தது.

எங்களுடையது 200 லீற்றர், வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை: இரட்டைக் கண்ணாடி, நடுவில் காற்று இல்லை, உள்ளே தண்ணீர். வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், தண்ணீர் கிணற்றிலிருந்து. பிரச்சினை முழுவதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான். நாங்கள் குடியிருப்பது சுண்ணக்கல்லுக்கு மேல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. குளிராக இருக்கும்வரை கரைந்தே கிடக்கும். சூடேற ஏற, காபனீரொட்சைட்டு வெளியேறி, சுண்ணாம்பு கல்லாய்ப் படியத் தொடங்கும். காங்கேசன்துறையில் சிமெந்து ஆலை வைத்ததே இந்தக் கல்லை நம்பித்தான். என் கூரையில் இருப்பது அதன் கிளை. கேத்தில் என்றால் தேசிக்காய் பிழிந்து கொதிக்கவைத்தால் சரி. இருபது குழாய்க்கும் ஒரு தாங்கிக்கும் எத்தனை தேசிக்காய் பிழிவது?

எரிச்சல் என்னவென்றால், 60 பாகைக்கு மேல் போனால் படிவு இன்னும் வேகமாகும். பங்குனி, சித்திரை வெயிலில் தாங்கி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்த வெயிலில் சுடுதண்ணி யாருக்கு வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அம்மா முழங்கால் நோவோடு சுடுதண்ணி கேட்கும்போது வானம் மூடிக் கிடக்கும். அதற்கென்று இருந்த கொயிலும் இப்போது கல்.

சரி, பொய் சொல்லக் கூடாது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்தபோதும் எங்கள் வீட்டில் சுடுதண்ணி வந்தது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கும், பம்ப் தேவையில்லை. காஸுக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்களில், தேத்தண்ணிக்குக்கூட அந்தத் தண்ணியைத்தான் எடுத்துக் கொதிக்கவைத்தோம், அரைவாசி நேரம் மிச்சம்.

அந்த மாதத்தில்தான் முட்டாள் வேலையும் பார்த்தேன். கறண்ட் இல்லாததால் மோட்டர் போடவில்லை, கிணற்றுத் தண்ணீர் ஏற்றிவைக்கும் மேல் தாங்கி வற்றியது, குழாய்களும் காய்ந்துவிட்டன. மத்தியானம் கறண்ட் வந்ததும் ஓடிப்போய் மோட்டரைப் போட்டேன். கொதித்துக் கிடந்த வெறுங்கண்ணாடிக்குள் கிணற்றுத் தண்ணீர். மூன்று குழாய் வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பின்னேரம் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெற்றிடம் போன குழாயின் அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகிவிடும் என்பதையும் நானேதான் கண்டுபிடித்தேன்.

அண்ணாவுக்கு இந்தக் கல்லுத் தொல்லை கிடையாது, அதுதான் எனக்குப் பொறாமை. நிலத்துக்குக் கீழே ஓடுவது மூடிய சுற்று. அதே தண்ணீர்தான் வருசக்கணக்காகச் சுற்றும். அதில் இருக்கும் கொஞ்சச் சுண்ணாம்பு ஒருமுறை படிந்தால் கதை முடிந்தது. எனக்கோ ஒவ்வொரு வாளிக்கும் புதுச் சுண்ணாம்பு. நிலம் சூடாக 35, 40 பாகைத் தண்ணீரே காணும். அந்தளவு சூட்டைத் தருவது சோலருக்குக் கஷ்டமில்லை. அவருடைய எதிரி தண்ணீரல்ல, மார்கழி. அங்கே அப்போது பகல் ஒன்பது மணித்தியாலம்தான், அதிலும் முகில். கூரையில் உறையாமல் இருக்க கிளைக்கோல் கலக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பொயிலரும் வேண்டும். மழைக்காலத்தில் எனக்கு வரும் அதே வயிற்றெரிச்சல் அவருக்குப் பனிக்காலத்தில் வரும்.

போடுங்கோ அண்ணா என்றுதான் சொன்னேன். நான் என்றால் இந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு இனி ஒருக்காலும் பூட்டமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். புதுக் கொயில் வெள்ளிக்கிழமை வருகிறதாம். அதற்குள் தாங்கியைக் கழுவ, தேசிக்காயில் இருக்கும் அதே சித்திரிக்கமிலம் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.