ஓலெசுண்டில் அரை நாள்: படியா, தீவா, பறவையா?

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஓலெசுண்டில் சொகுசுக் கப்பல்கள் ஊர் நடுவிலேயே வந்து நிற்கும். இறங்கினால் கையில் இருப்பது நாலைந்து மணி நேரம். அதற்குள் ஆக்ஸ்லா குன்று, கிஸ்கே-கோடோயா தீவுகள், ருண்டே பறவைத் தீவு எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினால் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

முதலில் ருண்டேயைக் கழித்துவிடலாம். மூன்றில் அதிகப் பேர் கேட்பது அதைத்தான், காரணம் பஃபின் பறவைகள். ஆனால் அவை பகலெல்லாம் கடலில் இரை தேடிவிட்டு, கூட்டமாகப் பொந்துக்குத் திரும்புவது மாலையில். மதியம் கப்பலைப் பிடிக்க வேண்டியவருக்கு இது ஒத்துவராது. இரவு தங்க முடிந்தால் போங்கள்.

சரி, ஊர். 1904 ஜனவரி 23 அன்று நள்ளிரவில் பற்றிய தீயில் சுமார் 850 வீடுகள் எரிந்தன. 10,000 பேர் வீடிழந்தார்கள், இறந்தவர் ஒருவர்தான். எரிந்ததெல்லாம் மரவீடு என்பதால் இம்முறை கல்லும் செங்கல்லும் வைத்து, 1907-க்குள் ஊரையே ஆர்ட் நூவோ பாணியில் எழுப்பிவிட்டார்கள். ஒரே மூச்சில் கட்டியதால் தெருவுக்குத் தெரு அதே வளைவுகள், கூர்கோபுரங்கள், கதவு மேல் பூங்கொடி வேலைப்பாடுகள். அண்ணாந்து பார்த்தபடியே நடக்கலாம், காசு செலவில்லை. ஆக்ஸ்லா உச்சிக்கு 418 படிகள். முட்டிவலிக்காரர்கள் வண்டியில் போகலாம். மேகம் இறங்கியிருந்தால் மட்டும் ஏறாதீர்கள், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியிருக்கும்.

என் ஓட்டு தீவுகளுக்கு. 1987-இல் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதைகள் திறக்கும்வரை இங்கே படகுதான். இப்போது ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே சாலை கீழே இறங்குகிறது, காது அடைக்கிறது, மீண்டும் ஏறுகிறது, இப்படி இரண்டு சுரங்கம் தாண்டினால் வால்டெரோயா தீவில் வெளிச்சம். பாலம் தாண்டினால் கிஸ்கே, தட்டையான பச்சை வயல். அங்கே 12-ஆம் நூற்றாண்டில் பளிங்கில் கட்டிய சின்னத் தேவாலயம் இருக்கிறது. அந்தப் பளிங்கு எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அப்புறம் இன்னொரு சுரங்கம், கடல் மட்டத்துக்கு 153 மீட்டர் கீழே. ஏறினால் கோடோயா, அதன் கடைக்கோடியில் ஆல்னெஸ் மீனவர் குடியிருப்பு. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1936-இல் எழுப்பியது, அதுவும் மரத்தில்! தீயில் வெந்த ஊர் மரத்தைக் கைவிட்டு முப்பது ஆண்டு ஆன பிறகு. மேலே ஏறினால் மேற்கே திறந்த அட்லாண்டிக் மட்டும்தான்.

தீவின் குறை போக்குவரத்து. வாடகைக் காரோ சுற்றுலா வண்டியோ எடுத்தால் கவலையில்லை. ஊர்ப் பேருந்து என்றால் திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரலாம்.

ஆக, வானம் தெளிவாக இருந்தால் முதலில் தீவு, திரும்பி வந்து நேரம் மிஞ்சினால் படி. மழை பிடித்தால் ஊர்த்தெருக்களே போதும். எதற்குப் போனாலும் குடையைக் கப்பலிலேயே வைத்துவிட்டு, தொப்பி வைத்த மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்னெஸ் காற்றில் குடை நிற்காது.